ஏணியாக வந்த கதை

திருப்போரூர்க் கந்தசுவாமி கோயிலில் சாயரட்சை முடிந்து கூட்டம் கலைந்த பின்னர், வெளி மண்டபத்துத் தூணொன்றில் சாய்ந்து அமர்ந்த முதியவர் ஒருவர் சந்நிதிமுறையிலிருந்து ஒரு பாட்டைச் சொல்ல, அவரைச் சூழ்ந்திருந்த நாலைந்து பேர் அப்பாட்டில் வரும் ஒரேயொரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அது ஏன் அவ்விடத்தில் வந்தது, வேறொரு சொல் வந்திருந்தால் என்ன குறைந்துபோகும் என்று அரைமணி நேரத்துக்கு மேல் வாதாடியதை என் இளமையில் பலமுறை பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தவர். இன்னொருவர் கேளம்பாக்கத்து உப்பளத்தில் கணக்கெழுதியவர். பதினேழாம் நூற்றாண்டில் மதுரையிலிருந்து இங்கு வந்து, பனங்காட்டில் மறைந்துகிடந்த மூர்த்தத்தைக் கண்டெடுத்துக் கோயில் எடுப்பித்தார் என்று ஊரார் போற்றும் சிதம்பர சுவாமிகள் பாடியருளிய 726 பாடல்களே சந்நிதிமுறை. கோயிலைக் கட்டியவரே கோயிலுக்குரிய நூலையும் கட்டிவைத்துப் போனமையால், ஒரு பாட்டைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்ப்பது என்பது எங்கள் ஊரில் கலாசாலைக்குப் போய்க் கற்கவேண்டிய வித்தையாக இருக்கவில்லை.

அந்த மண்டபத்திலிருந்து எழுந்து கல்லூரிக்குப் போன எனக்கு, முதலாம் ஆண்டில் துணைப்பாடம் என்ற பெயரில் ஒரு சிறுகதைத் தொகுதி கிடைத்தது. செய்யுளுக்கும் இலக்கணத்துக்கும் ஆண்டு முழுவதும் வகுப்புகள் நடந்தன. கதைகளுக்கோ பரீட்சைக்கு முன் எஞ்சிய இரண்டு மணி நேரமே வாய்த்தது. அந்த இரண்டு மணி நேரத்திலும் ஆசிரியர் கதைச் சுருக்கத்தைச் சொல்லிக்கொண்டு போக, நாங்கள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டோம். கதை எங்கள் கையில் இருந்தது. அதைத் திறந்து ஒரு பத்தியையாவது வாய்விட்டு வாசிக்கவேண்டும் என்ற எண்ணம் ஆசிரியருக்கும் எழவில்லை, எங்களுக்கும் எழவில்லை. ஒரு சொல்லுக்காக அரைமணி நேரம் சண்டையிட்ட மண்டபத்திலிருந்து வந்த நானும், கதையை வாசிக்காமலே கதையைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தேறினேன். பிற்காலத்தில் நானே தமிழாசிரியனாகி, அதே தொகுதியைப் போன்ற இன்னொரு தொகுதியோடு வகுப்பறையில் நின்றபோதுதான், பாட்டுக்கு ஒரு நீதியும் கதைக்கு ஒரு நீதியுமாக வழங்கும் இந்தச் சம்பிரதாயம் எங்கே தொடங்கியது என்று தேட முற்பட்டேன்.

தேடியபோது தெரியவந்த முதல் விஷயம், தமிழ்க் கல்வியில் கதை மிகப் பழைய விருந்தாளி என்பதே. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பரமார்த்த குருவின் கதையை எழுதியது, தம்மைப் போல் கடல் கடந்து வந்த பாதிரிமார் பேச்சுத் தமிழைச் சிரமமின்றிப் பழகிக்கொள்ளும் பொருட்டே. அந்தக் கதை 1822-இல் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயரால் லண்டனில் அச்சேறியதும் அதே பிரயோஜனம் கருதித்தான். 1812-இல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் இளம் உத்தியோகஸ்தர்களுக்குத் தேசபாஷைகளைக் கற்பிக்கும் பொருட்டுக் கோட்டைக் கல்லூரியை நிறுவினார்கள். அங்கே தமிழ்ப் புலமை நடத்திய தாண்டவராய முதலியார், செங்கற்பட்டை அடுத்த வில்லியம்பாக்கத்துக்காரர் என்பதில் எங்கள் பக்கத்தாருக்கு ஒரு பெருமை உண்டு. அவர் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தை மொழிபெயர்த்தார், கதாமஞ்சரியைத் தொகுத்தார். இரண்டும் 1820-களில் கல்லூரிப் பாடமாயின. தமிழ்நாட்டில் 'கல்லூரி' என்ற பெயருடைய ஓரிடத்தில் கதைநூல் ஒன்று பாடமாக அமர்ந்தது ஏறத்தாழ அப்போதுதான்.

ஆனால் எதற்காக அமர்ந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். வரிவசூலுக்கும் விசாரணைக்கும் போகவிருந்த இருபது வயது இங்கிலீஷ்காரன், நரியும் காகமும் பேசும் பேச்சின் வழியே நம்முடைய வினைமுற்றையும் வேற்றுமையுருபையும் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்த பிறகு கதையை விட்டுவிடலாம். மேலே ஏறிய பின் ஏணியால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. கதை எளிது, கதை பழக்கத்துக்கானது, புலமைக்குரியது செய்யுளே என்னும் அபிப்பிராயம் அன்று தமிழ் வகுப்புக்குள் புகுந்தது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அது முற்றிலும் வெளியேறவில்லை என்பதே என் எண்ணம்.

1857-இல் சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்ட பின்னர் தமிழ் வகுப்பு வேறொரு தன்மையை அடைந்தது. அதன் கதையைச் சொல்வதற்குச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறுவதற்கு முன் நகரத்தின் நடுவே இருந்த அக்கல்லூரியில், 1893 முதல் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் தமிழ் கற்பித்தார். 1898-இல் அவருக்குத் துணையாக வேதாசலம் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். பிள்ளையில்லாத பெற்றோர் திருக்கழுக்குன்றத்து வேதாசலரை வேண்டி நோன்பிருந்து பெற்ற பிள்ளை ஆதலால் அந்தப் பெயர். எங்கள் ஊரிலிருந்து சிறு பயணத்தில் எட்டிவிடும் அந்த மலையின் பெயரைத்தான் அவர் 1916-இல் தூய தமிழாக்கி மறைமலையடிகள் ஆனார். நியமனத்துக்கு முன் சாஸ்திரியார் குற்றியலுகரத்துக்கு உதாரணம் கேட்க, வேதாசலனார் "அஃது எனக்குத் தெரியாது" என்று விடையிறுத்தாராம். கேட்டவர்கள் திகைக்க, சாஸ்திரியார் மட்டும் முகமலர்ந்தாராம். அஃது, எனக்கு, தெரியாது என்னும் மூன்று சொல்லும் மூன்று வகைக் குற்றியலுகரத்தில் முடிவதை அவர் அறிவார். செவிவழியாக வரும் இந்தச் செய்தியைத் தமிழ் வகுப்புகளில் இன்றும் சொல்லி மகிழாத ஆசிரியர் அரியர்.

அதைவிட நாம் நின்று பார்க்கவேண்டியது வேதாசலனார் எழுதிய இரண்டு சிறு நூல்களை. மாணவர்களுக்குப் பாடமாக வந்த முல்லைப்பாட்டுக்கு 1903-இலும், பட்டினப்பாலைக்கு 1906-இலும் அவர் ஆராய்ச்சியுரை எழுதினார். முல்லைப்பாட்டு 103 அடிகளே கொண்டது. பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அந்த அடிகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பெயர்த்தெடுத்து மாட்டிப் பொருள்கொள்கிறார். அடிகளாரோ, புலவன் வைத்த வரிசையிலேயே பாட்டைப் படித்தால் அதன் அழகு தானே விளங்கும், உறுப்புகளைப் பிய்த்து ஒட்டவேண்டியதில்லை என்று வாதாடினார். எத்துணைப் பெரிய உரையாசிரியராயினும் பாட்டின் முழுமைக்கு முன்னால் அவரையும் மறுக்கலாம் என்னும் துணிவை ஒரு கல்லூரித் தமிழாசிரியர் தம் மாணவர்க்குக் கற்பித்தது, என் அறிவுக்கு எட்டியவரை, அதற்கு முன் நிகழாதது. 1908-இல் அவர் அடிசனுடைய ஆங்கிலக் கட்டுரைகளைத் தழுவிச் 'சிந்தனைக் கட்டுரைகள்' வெளியிட்டார். வியாசம் என்று வழங்கிவந்ததைக் கட்டுரை என்று நாம் வழங்கத் தொடங்கியதும் ஏறக்குறைய இந்தத் தலைமுறையில்தான். சொல் மட்டும் புதிதன்று, சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதை என்றே ஒரு காதை இருக்கிறது. 1911-இல், தமிழ் கட்டாயப் பாடம் என்னும் நிலை தளர்ந்தபோது, அடிகளார் கல்லூரியை விட்டு நீங்கிப் பல்லாவரத்தில் குடியேறினார்.

இதே கல்லூரியின் பெஞ்சுகளில் அமர்ந்து எழுந்தவர்கள்தாம் கமலாம்பாள் சரித்திரத்தை எழுதிய ராஜமையரும், பத்மாவதி சரித்திரத்தை எழுதிய அ. மாதவையாவும். வகுப்பில் தமிழ்க் கதை ஒன்றையும் கலையாகப் பயிலாத மாணவர்கள், வகுப்புக்கு வெளியே வந்து தமிழில் நாவல் எழுதினார்கள்! மாதவையா உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். குதிரையேறி அளங்களைச் சுற்றிவந்த வாழ்க்கையின் நடுவே எழுதியவர். குசிகர் குட்டிக் கதைகளை முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பின் தாமே தமிழாக்கினார். 1925 அக்டோபரில் சென்னைச் சர்வகலாசாலையின் செனெட் சபையில், பி. ஏ. வகுப்புக்குத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கவேண்டும் என்று எழுந்து பேசி, பேசி முடித்து அமர்ந்த சற்று நேரத்தில் அந்த மண்டபத்திலேயே உயிர் நீத்தார். அவருக்கு வயது 53. கடற்கரைச் சாலையில் செல்லும்போது செனெட் மாளிகையின் கோபுரங்களைக் காணுந்தோறும் எனக்கு இந்தச் செய்தி நினைவுக்கு வரும். தமிழ்க் கதையாசிரியர் ஒருவர் சர்வகலாசாலைக்குள் அடைந்த முதற்பெரும் இடம் அதுவாயிற்று.

சிறுகதை என்று இன்று நாம் பெயரிட்டு அழைக்கும் வடிவமும் கல்லூரிக்கு வெளியேதான் பிறந்தது. ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கதாய், ஒரே உணர்ச்சியை நோக்கி ஒவ்வொரு வாக்கியமும் நடப்பதாய்க் கதை அமையவேண்டும் என்று 1842-இல் அமெரிக்காவில் எட்கர் ஆலன் போ ஒரு மதிப்புரையில் வகுத்துச் சொன்னார். புதுச்சேரியில் தஞ்சம் புகுந்திருந்த வ. வே. சு. ஐயர் 1915-இல் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதினார். அது தாகூரின் படித்துறைக் கதையைத் தழுவியதா, அதுதான் தமிழின் முதற் சிறுகதையா என்ற இரண்டு வினாக்களும் பரீட்சைத் தாள்களுக்கு மிகவும் பிரியமானவை. அந்த மரம் ருக்மிணியைப் பற்றி எவ்வாறு பேசுகிறது என்ற வினாவை நான் எந்தத் தாளிலும் கண்டதில்லை. 1933-இல் மணிக்கொடி தோன்றியது. சில ஆண்டுகளில் பி. எஸ். ராமையாவின் கையில் அது கதைக்கென்றே ஆன பத்திரிகையாயிற்று. புதுமைப்பித்தன், கு. ப. ரா., ந. பிச்சமூர்த்தி, மௌனி ஆகிய அனைவரும் பட்டதாரிகள். அவர்கள் கதையைப் பற்றிக் காரசாரமாகத் தர்க்கித்ததெல்லாம் பத்திரிகை ஆபீஸ்களிலும் காபி கிளப்புகளிலுமே.

கதை கல்லூரிக்குள் இரண்டாம் முறை நுழைந்தது சுதந்திரத்துக்குப் பின்னர். பச்சையப்பன் கல்லூரியில் மு. வரதராசனார், ஹட்சன், வின்செஸ்டர் முதலிய மேனாட்டுத் திறனாய்வாளர்களைக் கற்று, 1959-இல் 'இலக்கியத் திற'னையும் 1960-இல் 'இலக்கிய மர'பையும் மாணவர்க்கு விளங்கும் நடையில் எழுதி, சங்கப் பாட்டோடு நாவலையும் சிறுகதையையும் ஒரே பந்தியில் அமர்த்தினார். இதற்காகத் தமிழ் மாணவர் உலகம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது. அ. சிதம்பரநாதன் செட்டியார் சாகித்திய அகாதெமிக்காகச் சிறுகதைகளைத் தொகுத்தளித்தார். யாழ்ப்பாணத்து கா. சிவத்தம்பி 1967-இல் தமிழ்ச் சிறுகதையின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றித் தனி நூல் செய்தார். கல்லூரிக்கு வெளியே நின்ற சி. சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, கதையை வரி வரியாகப் பிரித்துப் பார்க்கும் விமர்சனத்தை நடத்தியதோடு, புத்தகப் பையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் படியேறி விற்றார். கதையைப் படிக்கும் விதத்தை அறிந்தவர் வாசலில் வியாபாரியாக நிற்க, உள்ளே கதைச்சுருக்கம் நடந்துகொண்டிருந்தது என்பது நினைக்க நினைக்க நெஞ்சை அறுக்கும் காட்சி.

ஏனெனில் நுழைந்த கதைக்கு உள்ளே காத்திருந்தது பழைய ஏணியின் இடமே. மு. வ. மாணவர்க்குக் கண்ணாடியாகக் கொடுத்த கரு, பாத்திரப் படைப்பு, பின்னணி, உத்தி, நடை என்னும் பகுப்புகள், இரண்டொரு தலைமுறைக்குள் கட்டுரையின் உபதலைப்புகளாக இறுகிப்போயின. முன்னுரை, கதைச்சுருக்கம், கருப்பொருள், பாத்திரங்கள், ஆசிரியர் கூறும் நீதி, முடிவுரை: இந்த ஆறு பெட்டிகளில் எந்தக் கதையைப் போட்டாலும் அடங்கும். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், பட்டணத்துக்கு வந்த கடவுளும் பிள்ளையும் ஓட்டலில் காபி குடிக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தக் காபியில் கலந்த சிக்கரியை வைத்து இருவருக்கும் நடக்கும் சில வரிப் பேச்சிலேயே, படைத்தவனுக்குத் தன் படைப்பு எவ்வளவு அந்நியமாகிவிட்டது என்பது முழுதும் வெளிப்பட்டுவிடுகிறது. நான் திருத்திய நூற்றுக்கணக்கான விடைத்தாள்களில் இக்கதையில் 'நகைச்சுவை' இருக்கிறது என்று கண்டேன், சிக்கரியைக் காணவில்லை. மாணவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. உரைநூல்கள் செய்யுளுக்குச் செய்த உபகாரம் பெரிது. பதவுரை இல்லாமல் சங்கப் பாட்டுக்குள் போக இயலாதவனுக்குக் கோனார் உரை கைவிளக்கு. ஆனால் பதவுரை வேண்டாத ஒரு கதைக்கும் அதே முறையில் வழிகாட்டி வந்தபோது, அது கதைக்குப் பதிலாகவே நின்றுவிட்டது.

2014-இல் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', 'பொன்னகரம்' என்னும் இரு கதைகளும் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து நீக்கப்பட்டபோது இந்தக் குறையின் விளைவு துலக்கமாயிற்று. தாழ்த்தப்பட்ட மக்களை அக்கதைகள் சித்திரிக்கும் விதம் பற்றி ஆட்சேபம் எழுந்தது. ஆதரித்தும் எதிர்த்தும் நிறைய எழுதினார்கள். அந்தச் சித்திரிப்பால் மனம் புண்படும் மாணவனுக்கு அதைச் சொல்ல முழு உரிமை உண்டு; எந்த வரி புண்படுத்துகிறது, ஆசிரியரின் கோபம் யார்மேல் போகிறது, எங்கே அவர் கண் தவறுகிறது என்று அவன் எழுதக்கூடிய கட்டுரையைவிட உயர்ந்த இலக்கியக் கட்டுரையை என்னால் கற்பனை செய்ய இயலவில்லை. கதையை நீக்கியதால் அந்தக் கட்டுரையும் நீங்கியது.

இனி, செங்கற்பட்டில் எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு பருவத்தில் எனக்கு முல்லைப்பாட்டும், கு. ப. ரா.வின் 'விடியுமா?' என்ற கதையும் ஒருங்கே பாடமாக வாய்த்தன. கும்பகோணத்தில் ஒரு வீட்டுக்குத் தந்தி வருகிறது. சென்னையில் கணவனுக்கு ஆபத்து. அக்காளும் தம்பியும் இரவு ரயிலேறுகிறார்கள். அவ்வளவே கதை. மனம் ஒரு நிலையத்தில் நம்பும், அடுத்த நிலையத்தில் நம்பிக்கை இழக்கும். தலைப்பிலேயே கேள்வி நிற்கிறது. முல்லைப்பாட்டிலோ, போர்மேற் சென்ற அரசனை எண்ணித் தேவி காத்திருக்க, முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே போய் நெல்லும் முல்லையும் தூவி விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். தாயைக் காணாது தவிக்கும் கன்றுக்கு, உன் தாய் இதோ வந்துவிடும் என்று ஓர் ஆய்மகள் ஆறுதல் சொல்வது காதில் விழுகிறது. அதை நன்னிமித்தமாகக் கொண்டு அரண்மனைக்கு மீள்கிறார்கள்.

இரண்டையும் நான் எந்த முன்னுரையும் சொல்லாமல் வாய்விட்டு வாசித்தேன். கதையை வாசிக்க வகுப்பு நேரத்தில் பெரும்பகுதி ஆயிற்று. முடித்தபோது ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை. கடைசிப் பெஞ்சில், மானாமதிப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து வரும் பெண், எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று சற்றுத் தயங்கிப் பிறகு எழுந்தாள்.

"ஐயா, அந்த ரயில் செங்கல்பட்டு வழியாத்தானே போகும்?"

"ஆமாம் அம்மா, விழுப்புரம் தாண்டி நம் ஊர் வழியாகத்தான் எழும்பூர் போகவேண்டும்."

"அப்ப அவங்களுக்கு நம்ம ஊர்ல விடிஞ்சிருக்குமா, இருட்டா இருந்திருக்குமா?"

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். வகுப்பில் ஒரு சலசலப்பு எழுந்தது. கொளவாய் ஏரியின்மேல் வெளுப்பு விழும் நேரம் எது, மார்கழியில் எப்போது, சித்திரையில் எப்போது, இருட்டாக இருந்திருந்தால் அந்த அக்காள் மனத்தில் இன்னும் எவ்வளவு நம்பிக்கை எஞ்சியிருக்கும் என்று ஆளுக்கொன்றாகப் பேசத் தொடங்கினார்கள். புத்தகங்கள் திறந்தன, இன்ன வரியில் இப்படி இருக்கிறதே என்று ஒருவன் படித்துக் காட்ட, இல்லை, அதற்கு முந்தின பத்தியைப் பார் என்று மற்றொருவன் மறுத்தான். தந்தி பொய்யாக இருக்கலாம் என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதும் விரிச்சி கேட்பதுதானே என்று யாரோ கேட்டார்கள். மணியடித்ததும் அடுத்த ஆசிரியர் வாசலில் வந்து நின்றதும் சற்றுப் பொறுத்தே எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் அந்தப் பெண் கொடுத்த கட்டுரையில் முன்னுரை என்ற தலைப்பு இல்லை. முதுபெண்டிர் இருட்டில் நின்று ஒரு குரலுக்குக் காது கொடுப்பதிலிருந்து தொடங்கி, தந்திச் சேவகன் கதவைத் தட்டுவதற்கு வந்திருந்தாள். ஒரு வீட்டில் வெளியிலிருந்து வந்த சொல் ஆறுதலாகிறது, இன்னொரு வீட்டில் அதுவே அச்சமாகிறது என்று எழுதி, அதற்குக் கீழே, அரசி காதால் கேட்காத செய்தியை அவளுக்குப் பெண்டிர் சொல்கிறார்கள், இந்த அக்காளுக்குச் சொல்ல ஒரு தம்பிதான் இருக்கிறான், அவனுக்கும் தெரியாது என்று ஒரு வாக்கியம். ஓரத்தில் பென்சிலால், செங்கற்பட்டு என்று எழுதி ஒரு கேள்விக்குறி இட்டிருந்தாள். அதை அழிக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.